வானத்தில் ஒரு வாளி

வலது கையில் மாவுக்கட்டு போட்டிருந்த நாட்களில் நான் இரண்டு கலைகளில் தேறியிருந்தேன். இடது கையால் தேநீர்க் கோப்பையைத் தூக்குவது ஒன்று. சிந்திய தேநீருக்கு மேசையைக் குற்றம் சொல்வது இன்னொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவதைச் செய்துகொண்டிருந்தபோது, எதிரில் நாளிதழின் சிறுவர் இணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்த என் கணவர் தலை நிமிராமல் கேட்டார்.

“இத எப்ப வரைஞ்ச?”

“எத?”

“இந்த வாரத்து குடைக்காரிய. நல்லா வந்திருக்கு. மேகமெல்லாம் போட்டு.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

குடைக்காரி எங்கள் படக்கதை. எழுதுவது அண்ணி, என் அண்ணனின் மனைவி. வரைவது நான். தெருவில் யாருக்கு எது தொலைந்தாலும் குடையும் கையுமாகப் புறப்பட்டுத் தேடிக் கொடுக்கும் ஒரு சின்னப் பெண். அவளோடு, நடக்கச் சோம்பல்படும் பொதி என்ற குண்டுப் பூனை. பதினோரு வருடங்களாக வாரம் தவறாமல் வருகிறது. திரைச்சீலை மாற்ற ஸ்டூலில் ஏறி, ஸ்டூல் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, முன்கூட்டியே வரைந்து கொடுத்த சில வாரங்கள் கையிருப்பில் இருந்தன. போன வாரத்தோடு அவை தீர்ந்துவிட்டன. இந்த வாரம் அந்தப் பக்கத்தில் ‘குடைக்காரி ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்று ஓர் அறிவிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். எடிட்டரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

கணவர் தாளை என் பக்கம் திருப்பினார். குடைக்காரி இருந்தாள். கன்னத்தில் விழும் ஒற்றைச் சுருள்முடி இருந்தது. பொதியின் மூன்று மீசைகள் இருந்தன. கோடு முடியும் இடத்தில் பேனாவைச் சற்றே அழுத்தி எடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த அழுத்தம்கூட அதனதன் இடத்தில் இருந்தது.

“நான் வரையலங்க.”

“நீ வரையாம? உன் கோடுதான இது.”

“ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் சோதிச்சு கண்ணாடி மாட்டி அனுப்பறீங்க. பொண்டாட்டி கோடு எதுன்னு தெரியல.”

அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“தெரியலம்மா,” என்றார்.

பொய்யாகவாவது ஏதேனும் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்லியிருக்கலாம். என் கோடு என் முகம் மாதிரி, கூட வாழ்கிறவருக்கு இருட்டிலும் அடையாளம் தெரியும் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். அது சட்டை மாதிரிதான் போலிருக்கிறது. யார் போட்டாலும் பொருந்துகிறது.

யார் போட்டுக்கொண்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் பழைய பக்கங்கள் எல்லாம் நாளிதழ் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. படம் போடும் ஏஐ ஒன்றைப் பற்றி எடிட்டர் ஒரு முறை பேச்சுவாக்கில் சொன்னபோது, “என் கோணல் கோடெல்லாம் அதுக்கு வராது சார்” என்று சிரித்துவிட்டு வந்தவள் நான். வந்துவிட்டது. அதுகூடப் போகட்டும். படத்தில் குடைக்காரி பூனையைப் பார்த்து, ‘பொதி, அசையாதே. நீ அசைந்து பல நாள் ஆகிறது என்றாலும், இப்போதும் அசையாதே’ என்கிறாள். இந்த வாக்கியத்தை உலகத்தில் ஒரே ஒருவர்தான் எழுத முடியும். நேற்று மாலை அதே ஒருவர் வந்து, கட்டுப் போட்ட கையோடு நான் தலை வாரிக்கொள்ள முடியாது என்று தினமும் வருகிற மாதிரியே வந்து, என் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டுப் போனார். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கண்ணாடிக் கடையில் கூட்டம். கணவர் கிளம்பிப் போனதும், அவருடைய பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு சன்னல் ஓரம் உட்கார்ந்தேன். குறை கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன். விரல்களை எண்ணினேன், சரியாக இருந்தன. நிழல் விழும் திசை சரியாக இருந்தது. குடையின் கம்பிகள் நான் போடுவதைவிட ஒழுங்காகவே இருந்தன. கதை இதுதான்: காற்றில் பறந்துபோன ஒரு பட்டத்தைத் தேடிக் குடைக்காரி குடையைப் பிடித்துக்கொண்டு வானத்தில் ஏறுகிறாள். பொதி அவள் முதுகில் தொற்றிக்கொண்டிருக்கிறது. கீழே வீடுகள் தீப்பெட்டிகள் மாதிரி தெரிகின்றன. சுற்றிலும் மேகம்.

நாலாவது கட்டத்தில், மேகங்களுக்கு நடுவே, அவளுடைய கணுக்கால்கள் இருக்கவேண்டிய இடத்துக்கு முன்னால் ஒரு வாளி இருந்தது.

தகர வாளி. பிடி வைத்தது. அந்தரத்தில், எதன் மீதும் நிற்காமல் நின்றுகொண்டிருந்தது. அடுத்த கட்டத்தில் அவள் இன்னும் மேலே போகிறாள். அங்கே கால்களை மறைத்துக்கொண்டு ஒரு பூந்தொட்டி. அதற்கும் அடுத்ததில், நட்சத்திரங்களின் பக்கத்தில், ஒரு சாக்கு மூட்டை.

தனியாக இருந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தேன். மாட்டிக்கொண்டாயா என்று அதைப் பார்த்துச் சொன்னேன். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வாளியின் விளிம்பில் ஒரு நெளிவு இருந்தது. எங்கள் வீட்டுக் குளியலறை வாளியின் நெளிவு. முதல் வருடம் அதைப் பார்த்து நான்தான் வரைந்தேன்.

பழைய இதழ்க் கட்டுகளை ஒற்றைக் கையால் இழுத்துத் தரையில் போட்டேன். எந்தக் கட்டை எந்த இடத்தில் திறந்தாலும் யாருக்கும் பாதம் இல்லை. புல் இருந்தது. மதில் இருந்தது. வாளி, தொட்டி, மூட்டை, கூடை, படுத்திருக்கும் நாய், கிழிந்து பறக்கும் செய்தித்தாள். ஒன்றும் கிடைக்காத இடங்களில் பொதி தன் பெரிய உடம்போடு குறுக்கே உட்கார்ந்திருந்தது. பூனையும் தன் பாதங்களைத் தனக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தது. எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் இந்த ஒரு முறை என்று நினைத்திருந்தேன். எல்லா முறைகளும் சேர்ந்து தரை முழுக்கக் கிடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

சிறு வயதில் படம் போடத் தொடங்கிய நாள் முதல் நான் தலையிலிருந்துதான் தொடங்குவேன். முகம் எனக்குப் பிடிக்கும். முகத்திலேயே நின்று நிதானித்து, கழுத்துக்கு வந்து, கைகளைப் போட்டு, கீழே வரும்போது தாள் முடிந்துவிடும். பிறகு பெரிய தாள்கள் கிடைத்தன, வேறு வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டேன். முகத்தை எப்படி வேண்டுமானாலும் போடலாம். பாதத்தைப் போடுவதென்றால் அந்த ஆள் எங்கே நிற்கிறார், எந்தக் காலில் கனத்தை வைத்திருக்கிறார், போகப் போகிறாரா இருக்கப் போகிறாரா என்று முடிவு செய்தாக வேண்டும். நான் முடிவு செய்ததில்லை. வாளி வைத்தேன்.

என் கோட்டை அந்த இயந்திரம் கற்றுக்கொண்டதைக் காலையிலிருந்து ஒரு திருட்டாக நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன். இப்போது வேறொன்று உறைத்தது. நான் எதைக் கண்டு ஒதுங்குகிறேன் என்பதையும் அது கற்றுக்கொண்டிருந்தது. அதற்கு எந்தப் பயமும் இல்லை. ஆனாலும் என்னைப் போலவே, நட்சத்திரங்கள் வரைக்கும் பயந்து பயந்து வரைந்திருந்தது.

மாலையில் அண்ணி தன் சீப்போடு வந்தார். என் சீப்புக்குப் பல் போய்விட்டது என்பது அவருடைய நெடுநாள் குற்றச்சாட்டு. கட்டிலில் அவர் உட்கார, கீழே நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சிறுவர் இணைப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். வகிடு எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“பாத்துட்டியா?”

“எல்லாரும் பாத்துட்டாங்க அண்ணி. நான்தான் கடைசி.”

“நேத்தே சொல்லணும்னுதான் வந்தேன்.”

“சொன்னீங்களே. மாடி வீட்டுக்காரங்க மிக்ஸி சத்தத்தப் பத்தி அரை மணி நேரம் சொன்னீங்க.”

“வாய் வரைக்கும் வந்துச்சு.”

“உங்க வாய் வரைக்கும் வந்தது எதுவும் அங்கேயே நின்னதில்லையே. இதுக்கு மட்டும் என்ன?”

முடியை ஓர் இழுப்பு இழுத்தார்.

“ஆ!”

“தலைய ஆட்டாத. கோணலா போகுது.”

தன் பின்னலைக் கையில் பிடித்திருப்பவரோடு சண்டை போடுவது கஷ்டம். திரும்ப முடியாது. எழுந்து போகவும் முடியாது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் அன்று அவ்வளவும் பேசினோம் என்று தோன்றுகிறது.

“உன் கை ஒடிஞ்சது,” என்றார் அண்ணி. “ஊரே வந்து பாத்துச்சு. ஆப்பிளும் ஆரஞ்சுமா வாங்கிக் குடுத்துச்சு. என்னைய யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா? நீ வரையலன்னா நான் எழுதறத எங்க கொண்டு போய் வெப்பேன்? பக்கத்த நிறுத்தினா குறுக்கெழுத்துப் போட்டி வந்துரும், அப்புறம் அந்த இடம் திரும்பக் கெடைக்காதுன்னாரு எடிட்டர். கம்ப்யூட்டர்ல ஒரு வாரம் பண்ணிப் பாக்கலாமான்னாரு. வேண்டாம்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் சரின்னேன்.”

“எவ்வளவு நேரம் கழிச்சு?”

“ஃபோன வெக்கறதுக்குள்ள.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்தச் சிரிப்பை அவருக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

“என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

அவர் மூன்று பிரிகளில் ஒன்றை எடுத்து மற்றதன் மேல் போட்டார்.

“கேட்டிருந்தா நீ ‘பரவாயில்ல அண்ணி’ன்னு சொல்லியிருப்ப. உள்ள செத்துக்கிட்டே சொல்லியிருப்ப. அதக் கேக்க எனக்குத் தெம்பில்ல. கோவத்தோட ஒரு நாலு வார்த்த திட்டுவன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்து நின்னிருப்பேன்.”

பரவாயில்லை. அந்தச் சொல்லை நான் எங்கெங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். என் திருமணப் பேச்சில், அப்பாவின் வீட்டை விற்றபோது, அண்ணன் என் பிறந்தநாளை மறந்த வருடங்களில். அதை எங்கே தேடி எடுத்தாலும் விளிம்பில் அதே நெளிவு இருக்கும். அண்ணிக்கும் எனக்கும் நடுவே பதினோரு வருடங்களில் ஒரு சண்டைகூட வந்ததில்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். சண்டைக்குக் கால் ஊன்றி நிற்கத் தரை வேண்டும் அல்லவா.

“இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றார். “இதையும் இப்பவே சொல்லிடறேன். வியாழக்கிழமை நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காரு. இனிமே எப்பவுமே கம்ப்யூட்டரே வரையட்டும், நீ கூட இருந்து பாத்துத் திருத்தினா போதும்னு நெனைக்கறாங்க. உன் பேரு அப்படியே இருக்குமாம்.”

“பேரு கல்லறையிலயும்தான் இருக்கு.”

“நானும் அதத்தான் சொன்னேன். கொஞ்சம் மரியாதையா சொன்னேன்.”

பின்னல் முடிந்ததும் திரும்பி, தாளை அவர் கையில் கொடுத்து, நாலாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். அண்ணி கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு கட்டிலில் அப்படியே சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

“நம்ம வாளி! ஐயோ, நம்ம வாளி! ஆகாயத்துக்கும் வந்திருச்சா!”

“நம்ம வாளியா? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம? மொத வருஷம் டான்ஸ் போட்டி ஒண்ணு எழுதிக் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? அத்தன பேரும் இடுப்பளவு தண்ணில நின்னு ஆடற மாதிரி வரைஞ்சு குடுத்த. போட்டி நடுவுல எதுக்குடி வெள்ளம் வந்துச்சுன்னு உங்க அண்ணன் கேட்டாரு. அன்னிக்கே புரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நான் கால் வர்ற கதையே எழுதல.”

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லா யோசிச்சுப் பாரு. தொலைஞ்சதெல்லாம் தேடறவ நம்ம குடைக்காரி. சாவி தேடியிருக்கா, பல்லு தேடியிருக்கா, ஒரு தாத்தாவோட குறட்டைய தேடியிருக்கா. ஒரு செருப்பு தேடியிருக்காளா? உலகத்துல பிள்ளைங்க மொதல்ல தொலைக்கறதே ஒத்தச் செருப்பத்தான்.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று, கடைசி வரைக்கும் தேடாமல் விட்ட செருப்புகளோடு ஒருவர் இத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்த இயந்திரத்துக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் பாதி இவருடையது.

“இப்ப எழுதுங்க அண்ணி.”

“செருப்பா? நீ வரைவியா?”

வழக்கமான சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அதை நகர்த்தி வைத்தேன்.

“தெரியாது,” என்றேன்.

எடிட்டரின் அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே பேசுவது வெளியே கேட்காது. ஆனால் யார் திட்டு வாங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்களைவிட வயதில் சிறியவர். வாசகர்கள் அனுப்பும் கிறுக்கல் படங்களைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருப்பவர். அவர் மீது கோபப்படத் தயாராகப் போயிருந்தேன். அவருடைய கண்களுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்ததும் அது பாதியாகக் குறைந்துவிட்டது.

“வரவேற்பு நல்லாருக்கு மேடம்,” என்றார். “வித்தியாசமே தெரியலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஒரே ஒரு கேள்விதான் பிள்ளைங்ககிட்டேருந்து வந்துக்கிட்டே இருக்கு. வானத்துல வாளி எப்படி வந்துச்சுன்னு.”

அண்ணி என் முழங்கையை இடித்தார். கட்டுப் போட்ட கை. வலித்தது.

“அது சின்ன விஷயம். இங்க பாருங்க.” அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, வாளியை எடுத்துவிட்டுக் கால்களைக் காட்டச் சொல்லி இரண்டு வரி தட்டினார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். படம் வந்தது.

பாதங்கள் இருந்தன. குற்றம் சொல்ல முடியாத பாதங்கள். பத்து விரல்களும் வரிசையாக, காற்றில் லேசாக விரிந்து, நகங்களில் வெளிச்சத்தோடு. என்னால் அப்படி வரைய முடியாது. அதை எனக்குள் ஒப்புக்கொள்ள ஒரு நிமிடம் ஆயிற்று. ஒப்புக்கொண்ட பிறகு அமைதியாகப் பார்க்க முடிந்தது. முகம் குடைக்காரியுடையது. முழங்கால் வரைக்கும் அவள்தான். அதற்குக் கீழே வேறு யாரோ ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மென்மையான, எங்கும் நடக்காத ஒருத்தி. தெருத்தெருவாகத் தேடி அலைகிற பிள்ளையின் கால் இது இல்லை. அப்படியென்றால் அவளுடைய கால் எப்படி இருக்கும்? இயந்திரத்துக்குத் தெரிய வழியில்லை, நான் வரைந்து காட்டவில்லை. எனக்கும் தெரியவில்லை. பதினோரு வருடங்களாக என் கையால் வளர்ந்த பிள்ளையிடம் நான் இன்னும் பார்க்காத ஓர் இடம் மிச்சம் இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு, வரைய வேண்டும் என்று விரல்கள் கட்டுக்குள் ஊறின.

“இத நான் வரையறேன் சார்,” என்றேன்.

“கை?”

“அடுத்த வாரம் கட்டு பிரிப்பாங்க. கொஞ்ச நாளைக்கு நடுக்கம் இருக்கும்.”

“நடுக்கத்தோடயா?”

“நடுக்கத்தோடதான்.”

எடிட்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். செங்கல் சுவர்கள், ஓடுகள், சன்னல் கம்பிகள், இவற்றைப் போட்டுப் போட்டுத்தான் என் மாலைகள் எல்லாம் போயின. அவற்றைக் கம்ப்யூட்டர் செய்யட்டும், மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஆட்கள் என்னுடையவர்கள். பக்கத்தின் கீழே, எது யார் வரைந்தது என்று அச்சாக வேண்டும்.

“கீழ எழுதினா பிள்ளைங்களுக்கு என்ன மேடம் புரியும்?”

“வானத்துல வாளி இருக்குன்னு கண்டுபிடிச்ச பிள்ளைங்க சார்,” என்றார் அண்ணி.

“இன்னும் ஒண்ணு,” என்றேன். “என் ஆளுங்கள வேற எதுலயாவது வரைய வெக்கணும்னா என்னைக் கேக்கணும். கேட்டா பதில் சொல்லுவேன். வேண்டாம்னாலும் சொல்லுவேன். பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன்.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரு கதை குடுங்க,” என்றார். “அதுவரைக்கும் ஊருக்குப் போயிருக்கான்னு போட்டுடறேன். பக்கத்த யாருக்கும் குடுக்க மாட்டேன். வந்த பிறகு பாத்துட்டு மேல பேசறேன். எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க மேடம். எடிட்டரையும் கம்ப்யூட்டர்லயே போட்டுரலாமான்னு அவங்க யோசிச்சுக்கிட்டிருக்காங்க.”

“போட்டா சொல்லி அனுப்புங்க,” என்றார் அண்ணி. “உங்களுக்கும் ஒரு வாளி வெச்சுடலாம்.”

எடிட்டர் சிரித்துவிட்டார். வெளியே இருந்தவர்கள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள்.

கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்து வந்த கை என்னுடையது மாதிரி இல்லை. வெளுத்து, மெலிந்து, நோயாளியைப் பார்க்க வந்த தூரத்து உறவுபோல வெட்கத்தோடு இருந்தது. பேனாவைப் பிடித்ததும் நடுங்கியது. மருத்துவர் சொன்னபடி ஒரு துணிப்பந்தைப் பிசைந்துகொண்டே வீட்டில் எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கக் கடையில் நிற்கும் கணவரின் பாதங்கள் தட்டையாக, எப்போதும் யாரையோ வரவேற்கிற மாதிரி வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. இத்தனை வருடம் அந்த மனிதரின் முகத்தோடு மட்டும்தான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவரை ஸ்டூலில் உட்கார வைத்து வரைந்தேன். அதே ஸ்டூல்.

“இது என் காலா?” என்று எட்டிப் பார்த்தார்.

“ஏன்?”

“உருளைக்கிழங்குக்கு நகம் வெச்ச மாதிரி இருக்கு.”

“வேற யாராவதுன்னு நெனைச்சீங்களா?”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “இல்ல,” என்றார். “இது நீதான். இவ்வளவு மோசமா வேற யாரும் என்னைப் பாத்திருக்க மாட்டாங்க.”

அது எனக்கு அந்த மாதத்திலேயே மிக நல்ல சொல்லாக இருந்தது.

அண்ணி கதையை எழுதிக்கொண்டு வந்தார். குடைக்காரியின் சொந்தச் செருப்பே தொலைகிறது. ஊருக்கெல்லாம் தேடிக் கொடுத்தவள், தனக்காகத் தேடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு தெருவில் நிற்கிறாள். நான் தாளை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழேயிருந்து ஆரம்பித்தேன். ஒரு செருப்புக் கால். ஒரு வெறுங்கால், அகலமான, பெருவிரல் கொஞ்சம் விலகிய, குதிகாலில் தூசி படிந்த கால். கனம் முழுவதும் வெறுங்காலில். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அவள் அப்படித்தான் நின்றாள். கோடு நடுங்கியது, நடுக்கத்தில் அவள் இப்போதே அடி எடுத்து வைப்பாள்போல இருந்தது. கணுக்கால், முழங்கால், பாவாடை, குடையின் கைப்பிடி என்று மேலே ஏறிக்கொண்டே போனேன்.

அண்ணி வந்து தோளுக்கு மேலாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“கால் இருக்கு,” என்றார்.

“இருக்கு.”

“தலை எங்க?”

தாள் கழுத்தோடு முடிந்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

“இடம் பத்தல அண்ணி.”

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்துவிட்டு, அந்தக் கட்டத்தை மாற்றக் கூடாது, அதுதான் முதல் கட்டம், இரண்டாவதில் முகம் வரட்டும், பிள்ளைகள் அதுவரை காத்திருக்கட்டும் என்று தீர்ப்பு சொன்னார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, தன் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

“எல்லாம் சரி. முடிவுதான் வரல. செருப்பு எங்க கெடைக்கணும்? நாய் கவ்விட்டுப் போச்சு, ஓடையில போச்சு, இதெல்லாம் யாரு வேணாலும் எழுதுவாங்க.”

நான் இன்னொரு தாளை எடுத்து, மேகங்களுக்கு இடம் விட்டு, நடுவில் அந்த வாளியைப் போட்டேன். விளிம்பின் நெளிவு கைக்குப் பழகியது. அதை வரையும்போது மட்டும் நடுக்கம் இல்லை. வாளிக்குள்ளிருந்து ஒரு செருப்பின் வார் எட்டிப் பார்க்கிற மாதிரி வரைந்து அவர் பக்கம் தள்ளினேன்.

அண்ணி வாயைத் திறந்தார். அவர் வாய் வரைக்கும் வந்த எதுவோ, நான் பார்த்து முதல் முறையாக, அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“மேல போய்த் தேட மறுபடி அவள வானத்துக்கு ஏத்தணும். காலோட.”

“ஏத்தலாம்.”

“பறக்கும்போது கால் எப்படி இருக்கும்?”

“அதான் தெரியல. நீங்க கொஞ்சம் கட்டில் நுனிக்கு வாங்க. காலத் தொங்கப் போடுங்க.”

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கட்டில் நுனியில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டார். தரையைத் தொடாமல் அவை லேசாக ஆடின. மாடி வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தத்தைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார்.

“பேசுங்க அண்ணி,” என்றேன். “கால மட்டும் ஆட்டாதீங்க.”